நீ காதைத் தொட்டால் நான் தாள் மாற்றுவேன்

என் செல்லச் சக்களத்தி மாதிரி வந்து சேர்ந்த பிலோ அண்ணிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் உன் சமாதிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோது நானும் கூட வந்தேன். பார்த்திருப்பாய். அங்கேயும் உனக்குத்தான் பூ அதிகம். பக்கத்துச் சமாதிக்கு ஒரே ஒரு மாலை, அதுவும் வாடிப்போனது. 'இங்க வந்தும் இவ அடங்கல' என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி இப்படித்தான் போகும், உனக்குத் தெரியாததா?

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை நம் கம்பெனி டைரக்டர்கள் முன்னால் நான் எழுந்து நின்று பேசினேன். ஆமாம், நானேதான். உனக்குப் பக்கத்தில் நின்று தாள் மாற்றிக்கொண்டிருந்த அதே சரசு. எப்படி நடந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். நம் கதை தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் நியாயம் தெரியட்டும்.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலை ஆபீசில் முதலில் சேர்ந்தவள் நான். சுங்காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு துணிப்பையும் ஜெபமாலையுமாக நீ வந்து இறங்கியபோது, பக்கத்து மேசையைத் துடைத்துக் கொடுத்தவளும் நான். பாவம், தனியாக வந்திருக்கிறாளே என்று புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனவளும் நான்தான். அங்கே அண்ணன் உன்னைப் பார்த்தான். அவ்வளவுதான், முடிந்தது கதை.

அண்ணன் போனது போகட்டும். "நம்ம கோயில் வேற, அவங்க சர்ச் வேற" என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மாவும் கொஞ்ச நாளில் உன் பக்கம் சாய்ந்துவிட்டார். மீன் குழம்பு வைத்தால் தலை எனக்குத்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நீ வந்த பிறகு அது உன் தட்டுக்குப் போனது. "அவ மாசமா இருக்காடி" என்றார் அம்மா. பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் மீன் தலை திரும்பி வரவில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய்?

ஆபீசிலாவது என் இடம் எனக்கு இருக்கும் என்று நினைத்தேன். கையுறை வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் மானேஜர் மிஸ்டர் வோங் சுவரில் படம் காட்டிப் பேசுவார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? உள்ளே பல்பு எரியும் ஒரு கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். பிளாஸ்டிக் தாளில் எழுதி அதன் மேல் வைத்தால் சுவரில் பெரிதாகத் தெரியும். என் கையெழுத்து அழகு என்று அந்தத் தாள்களை எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதல் தாளை நான் எழுதிய லட்சணம் உனக்கு மறந்திருக்காது. கம்பெனி பெயர் மங்களமாக இருக்கட்டும் என்று மஞ்சள் மையில் எழுதினேன். அதற்கு மேல், கைப்பழக்கத்தில், நீல மையில் ஒரு பிள்ளையார் சுழி. விளக்கைப் போட்டார்கள். மஞ்சள் எழுத்து வெளிச்சத்தில் காணாமலே போய்விட்டது. பிள்ளையார் சுழி மட்டும் சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது. வந்தவர்களில் ஒருவர், "உங்கள் கம்பெனி சின்னம் அழகாக இருக்கிறதே" என்று மிஸ்டர் வோங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதோடு விட்டாயா? அடுத்த முறை நான் எழுதிய தாளைப் பிடுங்கித் தரையில் போட்டாய். "நின்னுக்கிட்டே படிலா, பாப்போம். இங்க படிக்க முடியலைன்னா சுவத்துலயும் படிக்க முடியாது. இவ்ளோ எழுதினா யாரு படிப்பா சரசு? மண்டை வலிக்கும்லா." நான் பத்து வரி எழுதிய இடத்தில் நீ மூன்று வரி எழுதினாய். அதுவும் கறுப்பிலும் நீலத்திலும்.

உன்னிடம் எனக்கு ரொம்ப எரிந்தது அந்த அட்டைச் சட்டம்தான். தாள் சுருளாமல் இருக்கச் சுற்றி ஒட்டுகிற வெறும் அட்டை. அதன் மூலையில் பென்சிலால் குட்டியாக ஒரு சிலுவை போட்டாய். வெளிச்சம் அட்டையைத் தாண்டாது, அதனால் சுவரில் தெரியவில்லை. கடவுளும் வந்தாயிற்று, கம்பெனிக்கும் தொந்தரவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அதே அட்டையில் பென்சிலால் எழுதினாய். சுவரில் மூன்று வரி, மீதி எல்லாம் அட்டையில். மிஸ்டர் வோங் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசி நல்ல பெயர் வாங்கினார். பிள்ளையார் சுழியை அட்டையில் போட எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்த அட்டையை என் கையால்தானே வெட்டினேன்?

பிறகு, "நீயே பேசு" என்று உன்னையே நிறுத்திவிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தாள் மாற்றினேன். "'அடுத்தது, அடுத்தது'ன்னு சொன்னா அசிங்கம்லா, நான் தோட்டைத் தொட்டா நீ மாத்திடு" என்றாய். நீ இடது காதைத் தொடுவாய், நான் மாற்றுவேன். பார்க்கிறவர்களுக்குத் தாள் தானாக மாறுவது போல இருக்கும். கைதட்டல் உனக்கு. மை ஒட்டிக்கொள்ளாமல் தாள்களுக்கு நடுவே டிஷ்யூ வைத்து அடுக்கும் வேலை எனக்கு.

கம்ப்யூட்டர் வந்தபோதும் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்குப் போனது நீதான். திரும்பி வந்து, "சரசு, வா, ஒக்காரு, புடிச்சுப் பாரு. இந்த எலி கடிக்காதுலா" என்று மவுஸை நீட்டினாய். எனக்கு வேலை இருக்கிறது என்று கோப்பி கலக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் உனக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றித்தான் வார்டிலேயே பெரிய கூட்டம். பைபிள் ஒரு பக்கம், அம்மா கொண்டுவந்த விபூதி ஒரு பக்கம். இதற்கெல்லாம் பொறாமைப்படுவாளா ஒருத்தி? நான் பட்டேன் அண்ணி. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் இத்தனை பேர் வருவார்களா?

நீ போன பிறகு மிஸ்டர் வோங் என்னைக் கூப்பிட்டார். "போலேயா, சரசு? முடியுமா?" என்றார். புது இயந்திரங்களில் வேலை செய்ய ஆட்களை எப்படிப் பழக்கப்போகிறோம் என்று டைரக்டர்களுக்கு விளக்க வேண்டும். என்னால் முடியாது என்றால் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து உன் நாற்காலியில் உட்காரவைப்பாராம். உன் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருத்தனா? நீ உட்கார்ந்ததையே நான் பொறுத்துக்கொண்டது பெரிய விஷயம். போலே என்றேன்.

கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலி கடிக்கவில்லை, ஆனால் சொன்ன இடத்துக்குப் போகவும் இல்லை. முதலில் நான் செய்த பக்கங்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன. வரிக்கு ஒரு எழுத்து வகை, நாலு பக்கமும் பூ வேலை. அச்செடுத்துத் தரையில் போட்டுப் பார்த்தேன், எனக்கே படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கத்துக்கு மூன்று வரி வைத்தேன். உன் பேச்சைக் கேட்டேன் என்று நினைக்காதே. கண் வலித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் எதையோ அழுத்தப்போய், பக்கத்துக்குக் கீழே ஓர் இடம் திறந்தது. அங்கே எழுதுவது பேசுகிறவருக்கு மட்டும்தான், சுவரில் வராது. உன் அட்டைச் சட்டமேதான்! எங்கேயோ அமெரிக்காவில் குளிர் அறையில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கும் உனக்குத் தோன்றியதுதான் தோன்றியிருக்கிறது. கம்ப்யூட்டரும் உன் கட்சிதானா?

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். "அவ இருந்தா ஒனக்கு நல்லா சொல்லிக் குடுத்திருப்பா" என்றான். "அவ இருந்தா இந்தச் சனியன நான் ஏன்ணே படிக்கணும்?" என்றேன். அண்ணன் சிரித்தான். நீ போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை வந்தது. கம்ப்யூட்டரில் செய்ததைப் பிளாஸ்டிக் தாளில் எடுத்து அட்டைச் சட்டம் போட்டேன். மூலையில் பென்சிலால் பிள்ளையார் சுழி. சுவரைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தே பேசினேன். ஒரு டைரக்டர் தலையாட்டினார். முதல் தாளை முடித்துவிட்டு நிறுத்தினேன். தாள் மாறவில்லை. காத்திருந்தேன். அப்போதும் மாறவில்லை. மிஸ்டர் வோங் என்னையே பார்க்கிறார். அப்போதுதான் கவனித்தேன், என் கை என் காதில் இருந்தது. தோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பெட்டிப் பக்கம் திரும்பினேன். அங்கே யாரும் இல்லை.

நானே போய்த் தாளை மாற்றிவிட்டுத் தொடர்ந்து பேசினேன். முடித்ததும் கைதட்டினார்கள். "அப்படியே பிலோமினா மாதிரி!" என்றார் மிஸ்டர் வோங். அவர் பாராட்டத்தான் சொன்னார். அடுத்த மாதம் வருகிறவர்களுக்கும் நீயே பேசு, நாற்காலி உனக்குத்தான் என்றார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எதற்கு அழுதேன் தெரியுமா? அண்ணனுக்காக இல்லை, மீன் தலைக்காக இல்லை, கைதட்டலுக்காகவும் இல்லை. நீ பேசும்போது உனக்குப் பக்கத்தில் சரசு இருந்தாள். நீ காதைத் தொட்டால் போதும், அவள் பார்த்துக்கொள்வாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? உன்னிடம் இருந்ததிலேயே எனக்குப் பெரிய பொறாமை இதுதான் அண்ணி. உனக்கு நான் இருந்தேன்.

தாள் மாற்ற ஆள் தருகிறேன் என்று மிஸ்டர் வோங் சொன்னார். வேண்டாம், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பேன். ஆனால் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் அங்கே வரும்போது பேசப்போவது நான்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போவது நீ. நான் காதைத் தொடுவேன். சிரித்துக்கொண்டு நிற்காமல் உடனே தாளை மாற்றிவிடு.

இப்படிக்கு,
புந்தோங்கிலிருந்து
இன்னும் வயிறு எரிந்துகொண்டிருக்கும் உன் நாத்தனார்,
சரசு