வடிகால் வாய்ச் சேறு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் வாக்குவாதம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் மாதம் ஒருமுறை கழிமுகத்துச் சேற்றை அள்ளிச் சலித்து, அதிலுள்ள புழுக்களை எண்ணுவோம். "புழு எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று நீகூடக் கிண்டல் செய்வாய். ஆறு மாதமாகக் குறைந்துகொண்டே வந்து, இப்போது எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. புழு இல்லாததால் நண்டு இல்லை, மீன் குஞ்சுகள் ஒதுங்கவில்லை, கொக்குகூட இறங்குவதில்லை. உன் இறால் குளத்து வடிகால் ஓடையில் விழுகிற இடத்துக்குக் கீழே மட்டும்தான் இப்படி.

ஏதாவது மருந்து போட்டாயா? கோபப்படாமல் சொல். வெள்ளிக்கிழமை வந்து வடிகால் வாயில் நானே மண் எடுக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். எடுத்த எடுப்பிலேயே பழியை என் தலையில் போட்டுவிட்டாய். எதிர்க்கரையில் படகுப் பட்டறைக்காரர்கள் பெயிண்ட் டப்பாவையெல்லாம் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். அவர்களைக் கேட்டாயா? கேட்க மாட்டாய். தம்பி இளிச்சவாயன்.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம். கரைப் பாதை உடைந்து கிடக்கிறது, உன் முழங்காலுக்கு ஆகாது. நானே வடிகால் வாயில் அள்ளிய ஒரு ஜாடி சேற்றை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். திறந்து பார், நெளிகிறது. எங்கள் வீட்டில் தினமும் ஓடை மீன்தான் சாப்பிடுகிறோம். போதுமா?

உன் தம்பி

மார்ச் 8

தம்பி,

ஜாடி வந்தது. நாற்பத்தொரு புழு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்து மேஜைக்காரரிடம், "என் தம்பி மேல வீணா பழி போட்டுட்டேன் சார்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பிறகு சல்லடையில் மூன்று குட்டி மட்டிச் சிப்பிகள் மிஞ்சின. மட்டி, அலை அடிக்கிற மணலில் வாழ்வது. உன் வடிகாலிலோ முழங்கால் வரை புதைகிற களி. ஒரு மணி நேரம் படகில் போய், கடல் முகத்துவாரத்தில் அள்ளி வந்து, மேலே உன் களியைப் போட்டு மூடியிருக்கிறாய். சேறு என்றால் எல்லாம் ஒரே சேறு என்று நினைத்துவிட்டாய். பாவி.

உன் மனைவிக்குப் போன் செய்தேன். "அஞ்சாறு மாசமா சந்தை மீன்தான் அண்ணி, ஓடை மீன் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டார்" என்றாள். உன் வீட்டில் வேண்டாம் என்ற மீனை ஓடைக்கரைக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். உனக்கு எப்படிச் சோறு இறங்குகிறது?

அக்கா

மார்ச் 11

அக்கா,

வேவு பார்க்க என் பெண்டாட்டிதான் கிடைத்தாளா?

சரி, சொல்கிறேன். நண்டுகள் வளை தோண்டித் தோண்டிக் கரை உடைந்து, ஒரு குளத்து இறால் அத்தனையும் ஓடையோடு போனது. அந்த ஆத்திரத்தில் இரண்டாம் குளத்தில் நண்டு சாகிற மருந்து போட்டு, தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டேன். ஒரே ஒரு முறை. அறிக்கையில் என் வடிகாலைக் குறிக்காதே. குளங்களை மூடிவிடுவார்கள், நாங்கள் நடுத்தெருவில் நிற்போம். "அக்கா இருக்காங்கல்ல, பயப்படாத" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். முதல் கடிதத்தில் பாப்பா நலமா என்று கேட்டாயே, அது நீ கேட்டதா, உன் நிலையம் கேட்டதா?

தம்பி

மார்ச் 14

என் தம்பிக்கு,

நான்தான் கேட்டேன். ஆனால் கேட்கும்போதே அடுத்து என்ன எழுதப் போகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு வெட்கப்படுகிறேன்.

அறிக்கையில் உன் வடிகாலைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ என் கூடப் பிறந்தவன் என்பதையும் எழுதிவிட்டேன். ஒரே முறை என்கிறாய். நம்ப எவ்வளவோ ஆசை. ஒரு முறை போட்ட மருந்துக்கு ஆறு மாதமாகச் சேறு செத்துக்கொண்டே வராது, தம்பி. செவ்வாய்க்கிழமை நானும் இன்னொருவரும் மண் எடுக்க வருகிறோம். நீ வீட்டில் இரு. இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

உன் அக்கா

மார்ச் 16

மதிப்பிற்குரிய ஆய்வு நிலைய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓடையில் ஏறிய கடல்நீர் முழுவதும் வடிந்திருக்கும். தாங்கள் வருவதற்கு அதுவே ஏற்ற நேரம். நானும் குடும்பத்தாரும் அன்று வீட்டில் இருக்க மாட்டோம். வாசல் கதவுச் சாவி காவலாளியிடம் இருக்கும்.

இரண்டாம் குளத்தோடு நிறுத்திவிட வேண்டாம். நான்காம் குளத்துக்குப் பின்னால் நாணலுக்குள் இன்னொரு குழாய் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மாதாமாதம் மருந்துத் தண்ணீரை அதன் வழியாகத்தான் திறந்துவிட்டேன்.

இப்படிக்கு,
குளங்களின் உரிமையாளர்