மவுஸில் இருந்த உன் கை

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி, மூலக்கூற்றைத் திரையில் சுழற்றிச் சுழற்றித் தொலைத்துவிட்டாள். பெரிதாக்கப் போய், அது திரைக்கு வெளியே ஓடிவிட்டது. "முதல்ல நடுவைப் பிடி, பிறகு சுத்து" என்றேன். சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று உறைத்தது. நீ கனடாவில் செத்துப்போனாய் என்று செய்தி வந்து நான்கு நாளாகிறது. நான் அழவில்லை. ஏன் அழ வேண்டும்?

அது நாட்டில் சண்டை நடந்த காலம். கண்டிக்குப் பக்கத்து ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே கணினி. கண்ணாடி விரியன் நஞ்சிலுள்ள ஒரு புரதத்தை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருளில் மூன்று வாரம் உருட்டினோம். மருந்து போய் ஒட்டக்கூடிய குழி ஒன்று அதில் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் மறைந்தது. ஒருநாள் பின்னேரம் நீ திரையில் புரதத்தின் முன்பக்கத்தை மெல்லியதாக வெட்டி மறைத்தாய். நான் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தேன். குழி தெளிவாகத் தெரிந்தது. "இஞ்ச பார் மச்சான், இஞ்ச பார்!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தாய்.

அந்தத் தோற்றத்தைக் கலரில் அச்சடிக்க டவுனுக்குப் போக வேண்டும். உன் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம்; சோதனையில் கண்டால் விடமாட்டார்கள். "எனக்குப் பயமாக் கிடக்கடா" என்றாய். நான் கண்டி டவுனிலேயே மஹய்யாவக்காரன், எனக்கென்ன பயம் என்று நானே போனேன். திரும்பும்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரர் படத்தை உருவினார். சிவப்பும் நீலமுமாக உருண்டைகள். "மே மொக்கத?" இது என்ன, குண்டு செய்கிற படமா என்று கேட்டார். புரதம் என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்!

அன்றிரவு பொலிஸில் அடைத்து வைத்து, மறுநாள் என்னை ஜீப்பில் ஏற்றி ஆய்வகத்துக்கே விசாரிக்கக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் வழியே உன்னைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. திரையில் அதே புரதம், அதே கோணம். அப்பாடா, கடதாசியைப் பக்கத்தில் பிடித்தால் போதும் என்று நினைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். என் கையிலிருந்த விலங்கைப் பார்த்தாய். பிறகு, மவுஸில் இருந்த உன் கை மெல்ல அசைந்தது.

நாங்கள் உள்ளே வந்தபோது திரையில் வேறு ஏதோ உருண்டைக் குவியல் நின்றது. இன்ஸ்பெக்டர் அதையும் கடதாசியையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் படம் தெரியுமா என்று உன்னைக் கேட்டார். "தெரியாது சேர்" என்று சிங்களத்தில் சொன்னாய். "திருப்புடா, திருப்பிக் காட்டுடா!" என்று நான் கத்தினேன். நீ கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய்.

பதினொரு நாள் உள்ளே இருந்தேன். கொழும்புக்குப் போயிருந்த நம் பேராசிரியர் திரும்பி வந்து விளக்கிய பிறகுதான் விட்டார்கள். பார்க்க வந்த அப்பா ஒவ்வொரு நாளும் ஒன்றையே கேட்டார்: "ஒன் கூட்டாளி வந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" "அவன் பயப்படுறான்ப்பா" என்றேன். சீ, அப்போதும் உனக்காகத்தான் பேசினேன்! வெளியே வந்தபோது நீ நாட்டிலேயே இல்லை.

பயந்தாய், தெரியும். நானும்தான் பயந்தேன். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். திருப்பினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கடிதமாவது போட்டாயா?

இப்போது என் மாணவர்கள் வெளியே கொண்டுபோகும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் "இது என்னுடையது" என்று எழுதி, கையொப்பமிட்டு, தொலைபேசி இலக்கமும் போட்டுக் கொடுக்கிறேன். "சண்டதான் முடிஞ்சிருச்சே சேர், இது எதுக்கு?" என்று சிரிக்கிறார்கள். அன்றைக்கு உன்னிடம் நான் எதிர்பார்த்தது அந்த இரண்டு வார்த்தைதான், மச்சான்.