எரியாத கீசரும் மேல்வீட்டுக் குழாயும்

அக்கா,

இன்று காலை கடையில் சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி கேட்டேன். கடைக்காரர் தடித்த பேட்டரி இரண்டை எடுத்து வைத்து, "கீசருக்குத்தானுங்க?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கேஸ் கீசரே கிடையாது. நீங்கள் போனதிலிருந்து எனக்கு இப்படித்தான், ஒன்று கேட்டால் இன்னொன்று நினைவுக்கு வருகிறது.

கோவில்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, வீரபாண்டியில் உங்கள் வீட்டு மாடியில் நானும் அவரும் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கீழே உங்கள் மகள் பெண்குழந்தை பெற்று வந்திருந்தாள். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத வருஷங்கள் அவை. குழந்தைக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று கேஸ் கீசர் வாங்கினீர்கள். புகை உள்ளே தங்கக்கூடாது என்று குளியலறைக்கு வெளியே, திறந்த பக்கத்தில் மாட்டச் சொன்னீர்கள். குழாயைத் திறந்தால் உள்ளிருக்கும் பேட்டரியால் டக்டக்கென்று பொறி தட்டும், நீலமாகப் பற்றிக்கொள்ளும்.

சில நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது பற்றவில்லை. டக்டக் சத்தம்கூட வரவில்லை. கூப்பிட்டீர்கள், அலசிக்கொண்டிருந்த துணியையும் குழாயையும் அப்படியே விட்டு ஓடி வந்தேன். பேட்டரியை மாற்றினோம். சிலிண்டரைத் திருகிப் பார்த்தோம். அடுப்புக்கு கேஸ் நன்றாகவே வந்தது. ஒன்றும் புரியவில்லை. மறுநாள் மெக்கானிக் வந்து குழாயைத் திறந்ததும் பற்றிக்கொண்டதாம். "நல்லாத்தான இருக்குதுங்க" என்று போய்விட்டாராம். நான் வேலை முடிந்து வந்து துணியை அலசிப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். நீங்கள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தீர்கள். "மறுபடியும் பத்திக்கல அம்மிணி" என்றீர்கள்.

வாரம் முழுக்க அதே கதை. பிளம்பர் கேஸைச் சொன்னார், கேஸ்காரர் தண்ணீரைச் சொன்னார், கீசர் விற்ற கடையில் பேட்டரியைச் சொன்னார்கள். ஒரு தடவை தானாகவே எரிந்தபோது உங்கள் மருமகன், "அதுதான் பத்திக்கிச்சுங்களே அத்தை, உடுங்க" என்றார். நீங்கள் விடவில்லை. "ஏன் பத்திக்கலன்னே தெரியாம, பச்சப் புள்ளைக்கு அதை எப்படிங்க நம்பறது? பாதீல அணைஞ்சு பச்சத்தண்ணி கொட்டுனா?"

அப்போதுதான் உங்கள் நாத்தனார் குழந்தை பார்க்க வந்து தங்கினார். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த என் காதில் அவர் சொன்னது விழுந்தது. "நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. அந்தப் புள்ள ஊட்டுல இருந்தா எரியறதில்ல. கம்பெனிக்குப் போயிட்டா எரியுது. ஏக்கத்தோட பாக்கற கண்ணுங்க அது."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்க நான் நிற்கவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாள்களை எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நான் இருந்தால் எரியவில்லை, இல்லாவிட்டால் எரிந்தது. குழந்தையை நான் ஏக்கத்தோடு பார்த்ததும் உண்மைதானே? எனக்கே என் கண்ணின்மேல் பயம் வந்துவிட்டது. அதன்பின் கீழே வருவதை நிறுத்திக்கொண்டேன். நீங்களும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டீர்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த நான் ஈரக்கையோடு படியில் வந்து நின்றேன். நீங்கள் கீசருக்குப் பக்கத்தில், சுவரோடு இறங்கும் தண்ணீர்க் குழாய்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தீர்கள். நாத்தனார் வாசற்படியில்.

"மேல குழாய் தொறந்திருக்குதா அம்மிணி?"

"ஆமாக்கா, துணி அலசுதேன்."

"போயி மூடிப்போட்டு அங்கயே சும்மா நில்லு. எதையும் தொடாத."

போய் மூடினேன். சுவர்மேல் கைபடக்கூடப் பயந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே டக்டக் கேட்டது.

"எரியுது. இப்பத் தொற."

திறந்தேன்.

"அணைஞ்சுபோச்சு. மூடு."

மூடினேன். மறுபடியும் டக்டக். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். போர் தண்ணீர் உப்பு படிந்து படிந்து அந்தக் குழாய் உள்ளுக்குள் பாதி அடைத்துக் கிடந்திருக்கிறது. மேலே நான் திறந்தால் கீழே வேகம் குறைந்துவிடும். அந்தக் கீசருக்குத் தண்ணீர் வேகமாக வந்து தள்ளினால்தான் பொறியே தட்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் இறங்கி வந்தபோது நீங்கள் நாத்தனாரிடம், "கொழாயிங்க. வேறொண்ணுமில்லீங்க" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து, என்னைக் காலை நீட்டி உட்காரச் சொல்லி என் கால்மேல் போட்டீர்கள். "தண்ணி நான் ஊத்தறேன். நீ தலையப் புடிச்சுக்க." அந்தச் சின்னத் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

தனிக் குழாய் போட்டதும், நாங்கள் பிறகு சோமனூருக்கு வீடு மாறியதும் எல்லாம் நடந்தது. நீங்கள் இருந்தவரை நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. எதையும் தொடாமல் நிற்கச் சொன்னீர்களே, அது குழாயைச் சோதிக்கவா, என்னைச் சோதிக்கவா? நான் சும்மா நின்றபோதும் அது எரியாமல் போயிருந்தால், அன்றைக்குப் பிள்ளையை என் கால்மேல் போட்டிருப்பீர்களா? போட்டிருப்பீர்கள் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அந்தக் கூப்பிடாத வாரம் நினைவுக்கு வந்து குழப்பிவிடுகிறது.

உங்கள் காரியத்தன்று பேத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநெடுவென வளர்ந்துவிட்டாள். அவள் என்னை மேலூட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த மாடியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும். அவளுக்குப் பேச்சு வந்தபோது நீங்கள்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். மேலூட்டு அத்தை என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். சித்தி என்றும் சொல்லியிருக்கலாம். அம்மா என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான் கேட்காததற்கு இது பதில்தானா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.