மறுப்பு ஏதும் இல்லையென்றால்

12 பிப்ரவரி 2007, திங்கள்
கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துவிட்டதால் ராயபுரத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த ஒரு வரிதான் மண்டைக்குள். எங்கள் மென்பொருள் குழுவை அறக்கட்டளையாகப் பதிவு செய்ய 'நோக்கம்' எழுதித் தர வேண்டும். யாரும் எடுத்து, மாற்றி, அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற மென்பொருள்களைத் தமிழாக்கும் கூட்டம் நாங்கள். வருஷக்கணக்காகச் செய்கிறோம். ஏன் செய்கிறோம் என்று எழுதச் சொன்னால் கை ஓடவில்லை!

சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன்: "கணினியைத் தமிழில் பயன்படுத்த விரும்பும் எவருக்கும் துணை நிற்றல்." போதுமே.

14 பிப்ரவரி
போதாதாம். தப்ரேஸ் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். குழுவை என்னோடு சேர்ந்து தொடங்கிய தோஸ்து அவன். குழு கூடும் தண்டையார்பேட்டை மாடி அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒரு கல்லூரி இடம் தருகிறது, புதுக் கணினிகளும். ஆனால் 'எவருக்கும்' என்பதை 'பொறியியல் மாணவர்களுக்கு' என்று மாற்ற வேண்டும்.

"ஒரு வார்த்தைதான், மதி. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

"ரமாபாய் வகுப்பு?"

வியாசர்பாடி குடியிருப்புப் பெண்களுக்கு ரமாபாய் அந்த அறையில்தான் மாலையில் கணினி சொல்லித்தருகிறாள். கல்லூரிக்குப் போனால் வாட்ச்மேனே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

15 பிப்ரவரி
எதிலும் மனசு ஒட்டவில்லை. தப்ரேஸ் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ? இடமே இல்லாமல் நோக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

17 பிப்ரவரி, சனி
எல்லாருக்கும் மின்னஞ்சல் போகும் எங்கள் மடற்குழுவில் தப்ரேஸ் தன் வாசகத்தைப் போட்டேவிட்டான். கீழே எங்கள் வழக்கமான வரி: "மூன்று நாளில் மறுப்பு ஏதும் இல்லையென்றால் ஏற்றதாகக் கொள்ளப்படும்." மறுத்து எழுதினேன். இன்னும் இருவராவது மறுத்தால்தான் என் மறுப்பு செல்லும். அதுவும் எங்கள் விதிதான்.

18 பிப்ரவரி
ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் புதுக் கணினி ஆசை. மௌனம் சம்மதமாம். எரிச்சலாக வருகிறது.

19 பிப்ரவரி
ரமாபாயிடம் சொன்னேன். "மெயில்ல கேட்டாங்களா? எங்கள்ல யாருக்கு மெயில் கீது?" என்றாள். பக்கத்தில் குணசுந்தரி, பகலில் எண்ணூரில் ஒரு கிடங்கைப் பெருக்குகிறவள், சிரித்துவிட்டாள். "பேசலன்னா சரின்னு அர்த்தமா? எங்க வூட்டு ஆளு மாதிரியே கீதுக்கா உங்க கம்பெனி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் குழுவில் சேர்ந்த எவருக்கும் மறுக்க உரிமை உண்டு. ஏன் இவ்வளவு நாள் இவர்களைச் சேர்க்கவே தோன்றவில்லை?

20 பிப்ரவரி, செவ்வாய்
கெடு இன்று இரவு வரை. மாலை வகுப்பில் ரமாபாய் நடத்திய பாடம், மின்னஞ்சல் முகவரி தொடங்கி மடற்குழுவில் சேர்வது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. குணசுந்தரி எழுதியது:

"நான் குணசுந்தரி. இது என் முதல் லெட்டர். எனக்கு மறுப்பு கீது. எங்கள கேக்காம சரின்னு எழுதிக்காதீங்க."

எல்லாரும் அனுப்பினார்கள். குழுவில் ஒன்றுகூட வரவில்லை. ஐயோ, மறந்தே போனேனே — புதியவர்களின் முதல் மடலை மட்டுறுத்துநர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். மட்டுறுத்துநர் தப்ரேஸ்.

போன் செய்தேன்.

"மெயில் எல்லாம் உன்கிட்ட நிக்குது."

"பாத்தேன்."

"விடுவியா மாட்டியா?"

வைத்துவிட்டான். அவன் சும்மா இருந்தாலே போதும், ஜெயித்துவிடுவான். பாவி.

21 பிப்ரவரி
ஆபீசில் முதல் வேலையாகத் திறந்தேன். அத்தனை மடலும் குழுவில் இருக்கிறது. கெடு முடியும் முன்பே விட்டிருக்கிறான். கடைசியில் அவனே எழுதியது ஒன்று: "மறுப்புகள் ஏற்கப்பட்டன. கல்லூரிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்."

பாத்ரூமில் போய் அழுதேன்.

2 மார்ச், வெள்ளி
பழைய வாசகத்தோடு பதிவு முடிந்தது. இடம் கிடைக்கவில்லை. பழைய கணினிகளை மீன்பாடி வண்டியில் ஏற்றி, வண்ணாரப்பேட்டையில் தன் வீட்டு முன்னறையிலேயே இறக்கிவிட்டான் தப்ரேஸ். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாலையில் போனேன். வாசலில் செருப்புகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்க்காமலே, "இடம் பத்தல. ரெண்டு பேட்ச்சா வரச் சொல்லு," என்றான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். குணசுந்தரி பக்கத்தில் அவன் அம்மா காத்தூன் பீவி உட்கார்ந்து 'த' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.