முதல் பக்கத்தில் வைக்காத சாமான்

பழைய நாள்காட்டித் தாள் ஒன்று இன்று பாச்சாங்கில் இருக்கும் என் கடையில், மேசை இழுப்பறைக்குள் கிடைத்தது. பின்பக்கத்தில் உன் கையெழுத்து. நாலு கட்டம், நடுவே கோடுகள். தொண்ணூறுகளின் கடைசியில் என் கடைக்கு நீ வரைந்த வெப்சைட். முதல் கட்டத்தில் ‘சாவுச் சாமான்’ என்று எழுதியிருக்கிறாய். அதைக் குறுக்கே அடித்திருப்பது என் பேனா.

சிம்பாங் அம்பாட் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நான் பூஜைச் சாமான் விற்று மேலே வந்தேன். நீ கம்ப்யூட்டர் கடை வைத்து, மூடி, வீட்டிலிருந்தே வெப்சைட் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருந்தாய்.

கல்யாணச் சாமானும் பூஜைச் சாமானும் என் கடையில் முன்வாசலில். சாவுச் சாமானைப் பின்சந்து வழியாகத்தான் கொடுப்பேன். நல்ல காரியத்துக்கு வருகிறவன் கண்ணில் அது படக் கூடாது. வெப்சைட்டிலும் ‘இதர’ என்ற பட்டனுக்குள் அதைத் தள்ளச் சொன்னேன்.

நீ ஒத்துக்கொள்ளவில்லை. “கடையில பின்வாசல் எங்கன்னு ஊருக்கே தெரியும் மச்சான். கம்ப்யூட்டர்ல யாருக்குத் தெரியும்? கல்யாணக்காரன் நெதானமா தேடுவான். அழுதுகிட்டு வர்றவன் எங்க போயி தேடுவான்லா?”

எனக்குச் சுருக்கென்றது. “ஆள் வர்ற வழியெல்லாம் தெரிஞ்சவன் உன் கடைய ஏன்டா மூடுன?” என்று கேட்டுவிட்டேன். நான் சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

ஐந்து மாதம் கழித்து, நெஞ்சுவலியில் நீ போய்விட்டதை தெருவில் ரொட்டி விற்க வருகிறவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தகனம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புக்கிட் காத்திலில் இருந்த உன் வீட்டுக்கு ஓடினேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த உன் மனைவியின் தம்பி வெகுளியாகச் சொன்னான்: “தகவல் வந்ததும் ஆபீஸ்ல உங்க வெப்சைட்டத்தான் மொதல்ல தொறந்தேண்ணே, மாமா செஞ்சதாச்சேன்னு. கல்யாணச் சாமான்தான் இருந்துச்சு. நீங்க இதெல்லாம் விக்கலபோலன்னு வேற கடைக்குச் சொல்லிட்டேன்.”

உனக்குக் கோடித்துணி என் கடையிலிருந்து வரவில்லை. வாய்க்கரிசி போடவும் நான் இல்லை.

மறுநாளே வேறொரு ஆளைப் பிடித்து வெப்சைட்டை மாற்றச் சொன்னேன். இன்று வரை எத்தனை முறை புதுப்பித்தாலும் முதல் பட்டன் சாவுச் சாமான்தான், பக்கத்திலேயே போன் நம்பர். கல்யாண வியாபாரம் கொஞ்சம் குறைந்தது, குறையட்டும். அந்த நம்பர் அடித்தால் நானே எடுப்பேன். யார் தவறிப்போனது என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் நாக்கு எழுவதில்லை. பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறேன். அவர்களே சொல்கிறார்கள்.