இரண்டு உள்ளங்கைகளின் சூடு

புது மானிட்டரில் விரலின் ரத்த ஓட்டம் எண்ணாகவே தெரிகிறது. இன்று காலை அந்த எண் ஏறியதும், புதிதாகச் சேர்ந்த மயக்க டாக்டர், "கை மரத்துருச்சு சார், ஆரம்பிக்கலாம்" என்றார். நான் கையுறை மாட்டாமல், தூங்கிக்கொண்டிருந்த நோயாளியின் இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டுப் பார்த்தேன். உன் வழக்கம் அது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். சிவகாசியில் நீ மயக்கம் கொடுப்பாய், நான் கத்தி எடுப்பேன். தீபாவளி சீசன் நெருங்கினால் தீக்காயத்துக்குக் குறைவிருக்காது. வெம்பக்கோட்டை முத்துலட்சுமி நினைவிருக்கிறதா? பட்டாசுக் கம்பெனியில் முன்கை வெந்தவள். முதல் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வலியில் துடித்தவள், அடுத்ததற்கு வரமாட்டேன் என்றாள்.

"கை போனாப் போகட்டும்யா, அந்த வலி ஆகாது."

"இந்தத் தடவ முழிக்கையில வலிக்காது தாயி. நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தாய்.

அவளைத் தூங்கவைத்து, கை மரக்கத் தோளுக்கு மேல் தனி ஊசியும் போட்டாய். தூங்குகிறவளிடம் மரத்ததா என்று கேட்கவா முடியும்? மரத்த கை மற்றதைவிடச் சூடாகும், விரல் கிளிப் காட்டும் அலையும் உயரும் என்பாய். தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

"மரத்துருச்சுலே, ஆரம்பிப்போம்" என்றேன்.

"இப்பத்தான சூடான சலைன் ஊத்திக் கழுவுனாக. அலை ஏறலையே, பொறுலே."

துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். கை ஆறிப்போனது. எனக்கு எரிச்சல், வெளியே இன்னும் இரண்டு பேர் கிடந்தார்கள். நீ அசையவில்லை. இடம் பார்த்து மறுபடி ஊசி போட்டாய். சற்று நேரத்தில் அலை எழுந்தது, கையும் தானாகச் சூடேறியது. அதன் பிறகே தலையசைத்தாய்.

விழித்ததும் அவள், "ஏங் கை எங்கன?" என்று தேடினாள். கையைத் தூக்கிக் காட்டினாய். "இருக்கு தாயி. மரத்தது திரும்பையில கொஞ்சம் வலிக்கும், மாத்திரை தாரேன். பயந்துராத."

போன மாதம் காரியாபட்டியில் உன் வீட்டில் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். திறந்தபோது இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டேன். இரண்டும் ஒரே குளிர். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சாப்பிடுகிறேன், ஆபரேஷன் செய்கிறேன், உன் மனைவி போன் செய்தால் நிதானமாகப் பேசுகிறேன்.

மரத்தது திரும்பையில் வலிக்கும் என்றாயே. பொறுத்துத்தான் இருக்கிறேன்லே.