பீச் பழமும் க்ரீமும்

அன்புத் தங்கை டெல்ஃபினாவுக்கு,

ஞாயிறு விருந்துக்கு பவுண்ட் கேக் செய்தேன். துண்டுகளை இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு வாட்டி, மேலே பீச் பழமும் க்ரீமும் வைத்தேன்.

என் கணவர் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். "எங்கம்மா ஸ்ட்ராபெரிதான்டி வைப்பாங்க. எத்தன தடவ சொல்றது?" என்று முடியைப் பிடித்து என் முகத்தை அடுப்பில் அழுத்தினார். கன்னம் கொஞ்சம் வெந்திருக்கிறது, பயப்படாதே.

சட்டி கைக்கு எட்டியது. இரண்டு முறை அடித்தேன். அவன் தாடை உடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டார் கூப்பிட்டு வந்த போலீஸ்காரர் மாடிப்படியில் விழுந்ததால் வந்தவை என்று உனக்கு எழுதினேனே, என் கைகளில் இருந்த அந்தப் பழைய தழும்புகளையும் பார்த்தார். "போறதுக்கு இடம் இருக்காம்மா?" என்று கேட்டார். "மேக்கன்ல தங்கச்சி இருக்கா" என்றேன்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் மாடிப்படியில் விழவில்லை, டெல்ஃபினா.

உன் அக்கா